இடம் அறிந்து மரம் நடுவோம்

(வெள்ளி விழாவையொட்டிக் களக்காட்டில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1917ஆம் ஆண்டில், மேல்நாட்டில் கற்றுத் திரும்பிப் பரோடா அரசில் பணியேற்ற அண்ணல் அம்பேத்கருக்கு அந்நகரில் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர் பூங்கா ஒன்றின் ஆலமரத்தடியில் அமர்ந்து, தம் மக்களின் விடுதலைக்கே வாழ்வை அளிப்பதென உறுதி பூண்டார் என்று நினைவுகூரப்படுகிறது. அவ்விடம் இன்று சங்கல்ப பூமி எனப் போற்றப்படுகிறது. மனிதர் மறுத்த இடத்தை அன்று ஒரு மரம் கொடுத்தது. ஆதலின் மரத்தைப் பற்றிய பேச்சு நமக்கு அயலான பேச்சன்று.

முதலில் எங்கள் தவற்றை ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், கிடைத்த கன்றுகளையெல்லாம் வாங்கி வந்து, கிடைத்த இடத்திலெல்லாம் நட்டோம். நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். மறு கோடையில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவே. அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர், "மேட்டுல நாவலையும் பள்ளத்துல வேம்பையும் வச்சிட்டியளே, மக்கா!" என்றார். நாவல் ஈரத்தை நாடும். வேம்பு நீர் தேங்கினால் அழுகும். பள்ளிப் படியேறாத அவர் அறிந்திருந்ததைப் பட்டம் பெற்ற நாங்கள் அறிந்திருக்கவில்லை.

களக்காட்டு மலையின்மேல் இரு பருவமழைகளும் பெய்கின்றன. அங்குள்ள பசுமைமாறாக் காடு சிங்கவால் குரங்கின் உறைவிடம். அதனைக் காக்கவே 1976இல் சரணாலயம் அமைந்தது. ஆனால், மலையிறங்கிச் சில கல் தொலைவு கிழக்கே சென்றால் நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருக்கிறது. மலையில் செழிக்கும் மரம் என்பதற்காக அதனைச் சமவெளியில் நட்டால் பிழைக்காது. ஒரே ஊரிலும் ஆற்றங்கரை வேறு, குளக்கரை வேறு, மேட்டு நிலம் வேறு.

பச்சையாறும் தாமிரபரணியும் பாயும் கரைகளுக்கு உரியது மருதம். திருப்புடைமருதூர் என்னும் ஊர்ப்பெயரே அதற்குச் சான்று. வெள்ளம் சூழ்ந்தாலும் அது நிலைத்து நிற்கும். வேர்கள் கரை மண்ணைப் பற்றிக்கொள்ளும். மருதத்துடன் நாவலும் புங்கமும், கால்வாய் ஓரங்களில் தாழையும் நடலாம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டம் கண்ட பெருவெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். கரைக்கு மரம் அழகுப் பொருளன்று, அரண்.

குளக்கரைக்குப் பனையே சிறந்தது. அதன் சல்லிவேர்கள் மண்ணைப் பின்னிப் பிடிக்கும். ஆலும் அரசும் கரையின்மேல் ஆகா. அவற்றின் தடித்த வேர் மடிந்து இற்றுப்போனால், அந்த வழியே நீர் கசிந்து கரை உடையும். குளத்தின் உட்புறம் நீர் ஏறி இறங்கும் பகுதிக்கு நாட்டுக் கருவேலம் பொருந்தும். அது சில திங்கள் நீரில் நிற்கும். அதன் நெற்று ஆடுகளுக்குத் தீனி.

மேட்டுச் செம்மண்ணிலும் கல் நிறைந்த பரம்பிலும் வேம்பு, உசில், வாகை, குடைபோல் விரியும் உடை ஆகியவை நிற்கும். இடையிடையே ஆவாரை போதும். தெற்கே தேரி மணலில் பனையும் உடையும் தாமே வழிகாட்டுகின்றன.

நம் குடியிருப்புகளில் மனை சிறிது. மூன்று சென்டில் ஆலும் அரசும் வைத்தால் சுவர் வெடிக்கும். முருங்கை, கறிவேப்பிலை, நொச்சி ஆகியவை போதும். வேலிக்குக் கிளுவைப் போத்தும், ஆடு தொடாத ஆடாதோடையும் உண்டு. தெருவுக்குப் புங்கமும் பூவரசும் நல்ல நிழல் தரும். மின்கம்பியின்கீழ் மந்தாரை போன்ற சிறு மரமே தகும். பள்ளித் திடலிலும், வெயிலில் நின்று நம் முன்னோரை அடக்கம் செய்த இடுகாட்டிலும் ஆல், அரசு, இலுப்பை ஆகியவற்றுக்கு முப்பது அடி இடைவெளி விட்டு இடமளிப்போம்.

சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்கிறோம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் குளங்களை அடைத்த மரம். எனினும், அதனை வெட்டி விறகும் கரியும் ஆக்கிப் பிழைக்கும் ஏழைகளுள் நம்மவரும் உளர். ஆதலின், மாற்று மரம் தழைக்கத் தழைக்கச் சிறுகச் சிறுக அகற்றுவதே நெறி.

இனி, மரம் யாருக்கு உரியது என்னும் வினா. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பின், 1892இல் நம் மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலங்களுள் பல பிறர் கைக்குப் போன வரலாற்றை நாம் அறிவோம். உழைப்பு நம்முடையதாயிருந்தும், உரிமையைக் காட்டும் தாள் நம் கையில் நிலைக்கவில்லை. மரத்திலும் அதே இழப்பு நேரலாகாது. புறம்போக்கில் நடுமுன் ஊராட்சியின் தீர்மானத்தை எழுத்தில் பெறுவோம். புறம்போக்கு மரங்களின் பலனை நுகர வருவாய்த்துறை வழங்கும் 2-சி பட்டா பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிவோம். நம் மக்களுக்குக் குளத்து நீர் மறுக்கப்பட்டதால்தான் 1927இல் மகத்தில் அண்ணல் போராடினார். கரையில் கன்று வைத்த கைகளுக்கு அதன் நிழலும் நுங்கும் மறுக்கப்படக் கூடாது.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முனைந்தது. அத்தகைய பணிகளில் நம் இளைஞர்கள் குழி தோண்டும் கூலிகளாக மட்டும் நில்லாமல், எந்த இடத்துக்கு எந்த மரம் என்று சொல்லும் அறிவினராக முன்நிற்க வேண்டும்.

அதற்கு இவ்வாண்டு செய்ய வேண்டியவை சில. வேப்பம் விதையை ஆனி, ஆடியில் பொறுக்கி உடனே ஊன்றுங்கள். நாள் கடந்தால் முளைக்காது. பனங்கொட்டையை மழைக்கு முன் கரையிலேயே புதையுங்கள். புரட்டாசிக்குள் குழி வெட்டி ஆறவிட்டு, ஐப்பசி மழை மண்ணை நனைத்தபின் நடுங்கள். ஆடு கடிக்காதிருக்க முள் அடையுங்கள். இரண்டு கோடைக்கேனும் தண்ணீர் ஊற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டியிடமும் பாட்டனாரிடமும் செல்லுங்கள். எம்மடையில் எம்மரம் நின்றது, எப்பள்ளத்தில் எது பட்டுப்போனது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் செய்ததை உலகம் கூலிவேலை என்றது. அது கல்வி என்று நாம் எழுதிவைப்போம்.

கற்போம்! நடுவோம்! காப்போம்!