கைப்பேசியில் அழுத்தினால் பயிற்சி ஆகிவிடுமா?

(தஞ்சோங் மாலிமில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2020இல் கோவிட் வந்த பிறகு, வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சியைப் பல முதலாளிகள் கைப்பேசிக்கு மாற்றிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வரும். படம் ஓடும். கடைசியில் சில கேள்விகள். பதிலை அழுத்தினால் சான்றிதழ் வந்துவிடும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? அம்மா இரவு ஷிப்டு முடிந்து வருகிறார். படம் அவருக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. மூன்றாம் படிவம் படிக்கும் மகன், "கொடுங்கம்மா" என்று வாங்கி அவனே பதிலைத் தட்டிவிடுகிறான். நூற்றுக்கு நூறு! ஆனால் மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்கப் போவது மகன் அல்ல, அம்மாதான்.

இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து நடந்தால், முதலாளி அந்தச் சான்றிதழை எடுத்துக் காட்டுவார். "நாங்கள் பயிற்சி கொடுத்தோம், அவர்தான் கவனமாக இல்லை" என்பார். பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டிய கடமை தொழிலாளிக்கும் உண்டு என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. புரியாத பயிற்சிக்கு நாம் கொடுத்த ஒப்புதல் நமக்கே எதிரான சாட்சியாகிவிடும்.

தோழர்களே, சொல்லிக் கொடுக்காமல் வேலை வாங்கியதன் கொடுமையை நம் சமூகம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் தோம்பைச் சுமந்து பாராகுவாட் அடித்தார்கள். நகம் கழன்றது, தோல் வெந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. அந்த விஷத்துக்கு முறிவு மருந்தே கிடையாது என்பதைக்கூடப் பலருக்கு யாரும் சொல்லவில்லை. ஐரீன் பெர்னாண்டஸ் தோற்றுவித்த தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களின் நிலையை ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான்.

சட்டம்கூட உயிர்களைப் பலி கொடுத்த பிறகே வந்தது. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1992இல் நியோஷ் பயிற்சிக் கழகமும், 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் வந்தன.

அந்தச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. நமக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

பிரிவு 15: தகவல், விளக்கம், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் கொடுப்பது முதலாளியின் கடமை. மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். முன்பு இது 50,000 ரிங்கிட்.

பிரிவு 26: சட்டப்படி செய்து தர வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது.

பிரிவு 26ஏ: உயிருக்கோ உடம்புக்கோ கடும் ஆபத்து நெருங்கி நிற்கிறது, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த வேலையை விட்டு விலகி நிற்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிரிவு 27: பாதுகாப்பு குறித்துப் புகார் சொன்னதற்காக உங்களை வேலை நீக்கம் செய்யக் கூடாது.

உங்கள் கைப்பேசிக்கு வந்த படத்தில் இந்த 26ஏ பிரிவைச் சொன்னார்களா? தலைக்கவசம் போடு, காலணி போடு என்று நம் கடமையைச் சொல்கிறார்கள். நம் உரிமையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பயிற்சி.

இணையப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புரியாத இடத்தை மறுபடியும் பார்க்கலாம். தமிழில் குரல் கொடுத்துத் தயாரிக்கலாம். ஆனால், இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது, அடைப்பை எடுக்கும் முன் மின்சாரத்தை எப்படித் துண்டிப்பது, ரசாயனம் கண்ணில் பட்டால் எந்தக் குழாய்க்கு ஓடுவது என்பதெல்லாம் வேலை நடக்கும் இடத்தில் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியவை.

பால் மரத்தை நம்பியிருந்த நம் குடும்பங்கள் இன்று தொழிற்சாலை, லாரி, துப்புரவு, காவல் வேலை என்று சிதறிக் கிடக்கின்றன. எங்கே வேலை செய்தாலும் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும்.

2. நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சட்டம் எந்த மொழியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் புரியாத விளக்கம் விளக்கமே அல்ல.

3. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். அவர் யார் என்று கேளுங்கள்.

4. புரியவில்லை என்றால் "புரிந்தது" என்று அழுத்தாதீர்கள். பிள்ளைகளையும் அழுத்த விடாதீர்கள். புரியவில்லை என்பதை மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அதைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.

5. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று விசாரியுங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு.

தனி ஆளாகப் போய்க் கேட்கப் பயமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். மலாய்க்காரர், சீனர், வங்காளதேசி, நேப்பாளி என்று பக்கத்தில் நிற்கும் எல்லாரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இயந்திரம் இனம் பார்த்துக் கையை வெட்டுவதில்லை. கேட்டும் பலன் இல்லையென்றால் ஈப்போவில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவில் புகார் செய்யுங்கள்.

மருந்தடித்த நம் தாய்மார்களுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு வெறும் சான்றிதழை நீட்டினால் அதை நாம் ஏற்கக் கூடாது.