கீழ்நோக்கா விழி
(இராஜபாளையம் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நடுக்குவாதத்தை 1817-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விவரித்தார். அதனையொத்த வேறொரு மூளைப்பிணியை 1964-இல் டொரொண்டோ நகர வைத்தியர் மூவர் விளக்கினர். இப்பிணியுற்றார்க்கு நாளடைவில் விழி கீழ்நோக்கி அசையாது, இமைத்தலும் குறையும். ஆதலின் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிற்படியில் இடறிவீழும் முதியவரை அஜாக்கிரதையுடையாரென்று நாம் கடிதல் தகாது. கண் கெட்டதன்று, கண்ணை ஏவும் மூளை தளர்ந்தது. கண்ணாடியை மாற்றுதல் மட்டும் இக்குறையைப் போக்காது. கீழ்ப்பாதியில் வாசிப்பு வில்லை பதித்த கண்ணாடியோ நடக்கையில் இடரே தரும். உண்கலத்தை உயர்த்தி வைப்போம். படிகளுக்குக் கைப்பிடி அமைப்போம். வைத்தியர் கூறும் கண்ணீர்த்துளி மருந்தை வேளை தவறாது இடுவோம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தோற்றுவித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நமக்கு அண்மையிலுள்ளது. எனினும் நரம்பு வைத்தியரையும் காணல் அவசியம். பிணியைத் தீர்க்கும் மருந்து இன்றில்லை. வீழாமற் காத்தல் நம் கடனேயாம்.