ஒருவர் நடத்தும் கடையும் அதன் வரிப் படிவமும்

(திருவனந்தபுரத்தில் சிறு வணிகர்களிடையே ஆற்றிய உரை)



இந்நகரின் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாகக் கடை நடத்தி வருகின்றனர். பெயர்ப் பலகையில் 'டிரேடர்ஸ்' என்றோ 'ஏஜென்சீஸ்' என்றோ எழுதியிருக்கலாம். ஆயினும் உரிமையாளர் ஒருவரே எனில், வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் கடை வேறு, அவர் வேறு அல்ல. அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணே கடைக்கும் எண். கடையின் இலாபம் அவருடைய வீட்டு வாடகை, வங்கி வட்டி ஆகியவற்றுடன் கூட்டப்பட்டுத் தனிநபர் விகிதத்தில் வரிக்குள்ளாகிறது. தமக்குத் தாமே சம்பளம் கொடுத்ததாக எழுதிக் கழிக்க இயலாது. மனைவி பெயரில் மற்றொரு கடை திறப்பதும் பலருக்குத் தோன்றும் யோசனைதான்; முதல் கணவர் அன்பளிப்பாகத் தந்ததாயின், அம்முதலுக்குரிய இலாபம் அவர் கணக்கிலேயே சேரும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த ஒருநபர் கம்பெனி மட்டும் வேறு. அது கம்பெனியாகவே வரி செலுத்தும்.

கணக்கேடுகள் பராமரிக்க வசதியற்றோருக்காக 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி பிரிவு அனுமான வருமான முறையை வகுத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இம்முறையைக் கைவிடவில்லை. விற்றுமுதல் வரம்பு 2 கோடி ரூபாய். ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்கு மிகாதபோது 3 கோடி. ஒரு கடையின் விற்றுமுதல் 60 இலட்சம் என்க. ரொக்கமாக வந்த 40 இலட்சத்திற்கு 8 விழுக்காடு, 3,20,000 ரூபாய். வங்கி வழியாக வந்த 20 இலட்சத்திற்கு 6 விழுக்காடு, 1,20,000 ரூபாய். ஆக வருமானம் 4,40,000 ரூபாய். 'சுகம்' எனப்படும் ஐ.டி.ஆர்.-4 படிவம் இதற்கெனவே அமைந்தது.

இங்கே பலர் சறுக்குகின்றனர். எட்டு விழுக்காடு என்பது கீழ்வரம்பே. உண்மை இலாபம் மிகுதியாயின் அதையே காட்டவேண்டும். குறைவெனக் கூறி ஓராண்டு இம்முறையை விட்டு விலகினால், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு இதற்குள் திரும்ப வழியில்லை. மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைக் கடந்தால் கணக்கேடும் தணிக்கையும் கட்டாயமாகும். ஒரு மந்தமான ஆண்டின் சிறு வரியை மிச்சப்படுத்த ஐந்தாண்டுத் தணிக்கைச் செலவை ஏற்பது உசிதமா என்பதை முன்கூட்டியே கணக்கிடுக. கமிஷன் மண்டி நடத்துவோருக்கு இம்முறை பொருந்தாது, அவர்கள் ஐ.டி.ஆர்.-3 படிவத்தையே நாடவேண்டும்.

சரக்கு-சேவை வரி வேறு கணக்கு. கேரளத்தில் சரக்கு மட்டும் விற்போருக்குப் பொதுவாக 40 இலட்சம் வரை பதிவு தேவையில்லை. 1.5 கோடி வரை காம்போசிஷன் திட்டத்தில் வணிகர் 1 விழுக்காடு செலுத்தலாம். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. நாகர்கோவிலிலிருந்து சரக்கு வாங்கலாம். ஆனால் களியக்காவிளையைக் கடந்து கன்னியாகுமரி மாவட்டத்துக் கடைக்கு அனுப்பி விற்றால், அத்திட்டத்தில் நீடிக்க இயலாது. எல்லையோர வணிகர் இதைக் கேட்டறிந்த பின்னரே திட்டத்தில் சேர்தல் வேண்டும். சரக்கு-சேவை வரியில் காட்டிய விற்றுமுதல் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் இடம்பெறுகிறது. இரு படிவங்களிலும் இரு தொகைகள் எழுதுவோரிடம் விளக்கம் கேட்கப்படும்.