காட்டுக்கு மருந்து அடிப்பவர் யார்?

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில், கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள் என்னை ஒரு வினா வினவினாள். “ஐயா, தேயிலைக்கு மருந்து அடிக்கிறார்கள், பக்கத்துக் காட்டுக்கு யார் அடிக்கிறார்கள்?” சிறு வினாவே, ஆயினும் அதற்குரிய விடையில் நமது வாழ்வும் அடங்கியுள்ளது.

இத்தீவின் மலைகளில் முன்னர் செழித்தது கோப்பி. 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் இங்கு தோன்றியது. மலைதோறும் ஒரே பயிர் நின்றமையால் நோய்க்குத் தடை ஏதும் இருக்கவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அத்தொழில் சரிந்தது; அதனை நம்பிக் கடல் கடந்து வந்த நம் முன்னோர் பலர் வேலையிழந்தனர்.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பெற்றது. அதன் இலைகளை ஒட்டிச் சுருட்டித் தின்னும் புழுவொன்று பெருந்தொல்லை தந்தது. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அதன் குடம்பிகள் புழுவின் உடலினுள் வளர்ந்து அதனைக் கொல்வன. புழு அடங்கிற்று. பின்னர், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. குளவியும் மாண்டது, அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று.

இனிக் காட்டை நோக்குவோம். இம்மாவட்டத்தின் தென்னெல்லையிலும் பரந்துள்ளது சிங்கராஜ வனம். 1970களில் அதன் ஒரு பகுதியில் ஒட்டுப்பலகைக்காக மரங்கள் தறிக்கப்பட்டன. மக்களின் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. தறிக்கப்பட்ட இடங்களில் இன்று காடு மீண்டும் எழுந்து நிற்கிறது. அயலிலே பலவகை மரங்கள் எஞ்சியிருந்தன. விதை பரப்பும் பறவையும் விலங்கும் இருந்தன. ஒன்று குன்றியபோது மற்றொன்று அதன் பணியை ஏற்றது. எனினும், தறித்தல் தொடர்ந்திருப்பின் மீட்சிக்கு விதையும் எஞ்சியிராது.

ஆகவே அம்மாணவிக்கு யான் கூறியது இதுவே: “காட்டுக்கு எவரும் மருந்து அடிப்பதில்லை, மகளே. அங்குள்ள பல்லுயிர்களே ஒன்றையொன்று கட்டுப்படுத்திக் காக்கின்றன.”

தேயிலையை அகற்றுக என்பது என் கருத்தன்று. அது நமக்குச் சோறு. ஆனால் ஓடைக்கரைகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும் காடு நிற்கட்டும். தேயிலையிடையே நிழல்மரங்கள் பலவகையாய் வளரட்டும். நஞ்சு அளவோடு தெளிக்கப்படட்டும். நிலம் நம் பெயரில் இல்லாதிருக்கலாம். ஆயினும் பயிர் சரியும் நாளில் முதலில் அடுப்பணைவது நம் லயங்களிலேதான். ஆதலின் இதைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமையும் உண்டு.