கெஞ்ச வேண்டாம், கேளுங்கள்!



இரண்டு விளக்கு எரியும் வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் மின்கட்டணம் வந்தால் என்ன செய்கிறோம்? அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறோம். "முதலில் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்புகிறோம். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்துதான் நிற்கும்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 56ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கட்டணப் பாக்கிக்காக 15 நாள் எழுத்து மூல அறிவிப்பின்றி இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. தொகையில் தகராறு இருந்தால், முந்தைய 6 மாதச் சராசரிக் கட்டணத்தை ஆட்சேபத்துடன் செலுத்தலாம். தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. 42ஆவது பிரிவின்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளரும் உண்டு.

மீட்டர் அளவைக் குறித்து மனு எழுதுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எழுதத் தெரியாத மூதாட்டிக்கு எழுதிக் கொடுப்பது படித்த இளைஞர்களின் கடமை.

காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் சலுகையல்ல, உரிமை!