போன் யார் கையில் இருக்கு?

எனக்கு நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பத்தாவது வரைக்கும் படிச்சேன். வீட்டு வேலை போக, மல்லிகைத் தோட்டத்துல பூப்பறிக்கப் போவேன். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘ரொக்கமில்லாப் பணப் பரிமாற்றம், சாதக பாதகங்கள்’. சாதகத்தைச் சொல்ல பேங்க் சார் வந்திருக்கார். அதனால அந்தப் பாதியை அவருக்கே விட்டுடறேன்.

ஆனாலும் ஒண்ணைச் சொல்லிடணும். நான் இந்தப் போன் பணத்துக்கு எதிரி இல்லை. 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1000 ரூபாய்னு ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை நேரா கணக்குக்கு வருது. நூறு நாள் வேலைக் கூலியும் அப்படித்தான் வந்துச்சு. நடுவுல யாரும் கைவைக்க முடியாது. குழுக் கடனும் கணக்குல வர்றதுனாலதான் இவ்வளவு தெளிவா இருக்கு. அதையெல்லாம் நான் குறை சொல்ல வரலை.

நான் கேக்கிறது ஒரே கேள்வி. பணம் போனுக்குள்ள போயிடுச்சு சரி, அந்தப் போன் யார் கையில் இருக்கு?

நம்ம அம்மா, பாட்டி காலத்துல சிறுவாடுன்னு ஒண்ணு இருந்துச்சு. அரிசிப் பானைக்குள்ள, அஞ்சறைப் பெட்டி அடியில, சேலை மடிப்புல. பத்து ரூபாயா, இருபது ரூபாயா சேரும். அது வீட்டுல யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல்னா, தாலி அடகுல முங்கப் போகுதுன்னா அந்தக் காசுதான் வெளிய வரும். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்களே, அன்னைக்கு எத்தனை வீட்டுல அந்தச் சிறுவாடு வெளிய வந்துச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும். மாத்தணும்னா ஆம்பளைங்ககிட்டச் சொல்லித்தானே ஆகணும். “இவ்வளவு வச்சிருந்தியா?”ன்னு கேட்டதோட சரி, அந்தப் பணம் மறுபடி பானைக்குத் திரும்பல. இதுல சிரிக்கிறவங்க கொஞ்சப் பேர் இருக்கீங்க. உங்க வீட்டுலயும் நடந்திருக்கும்.

இப்ப பூப்பறிக்கிற கதைக்கு வர்றேன். விடியறதுக்கு முன்னாடியே போய், மொட்டா இருக்கும்போதே பறிக்கணும். வெயில் ஏறிட்டா மார்க்கெட்டுல விலை இறங்கிடும். எத்தனை கிலோவோ அத்தனைக்குக் கூலி. முன்னெல்லாம் வாரக் கடைசியில தோட்டத்துக்காரர் கையில எண்ணிக் கொடுப்பார். வர்ற வழியிலயே எண்ணெய், பருப்பு, பிள்ளைங்களுக்கு நோட்டு வாங்கிட்டு, மிச்சம் எவ்வளவுன்னு நான்தான் வீட்டுல சொல்வேன். இப்ப, “கணக்குல போட்டுட்டேம்மா”ங்கிறார். அவர்கிட்ட இருக்கிறது எங்க வீட்டுக்காரர் நம்பர். எங்க கூடப் பறிக்கிற பதினோரு பேருல எட்டுப் பேருக்கு அப்படித்தான். உழைச்சது நான். ‘பணம் வந்துச்சு’ன்னு சத்தம் வர்றது அவர் சட்டைப் பையில. அப்புறம் எண்ணெய் வாங்க நான் அவர்கிட்டக் கேட்டு நிக்கணும். எங்க வீட்டுக்காரர் நல்லவர், கேட்டாக் கொடுத்துடுவார். ஆனா கேக்கணுமே.

சொந்தக் கணக்கு இருந்தாலும் கவனிக்கணும். எங்க குழுவுல வயசான அக்கா ஒருத்தர் மூணு மாசமா உரிமைத் தொகை வரலைன்னே நினைச்சிட்டிருந்தாங்க. பாஸ்புக்கைப் பதிஞ்சு பார்த்தா மாசா மாசம் வந்திருக்கு, மறுநாளே வெளிய போயிருக்கு. கணக்குல இருந்தது மகன் நம்பர். பேங்க்ல எந்த நம்பரைக் கொடுத்திருக்கோமோ, அந்த சிம்மைப் போட்டிருக்கிற போன்லதான் பணம் அனுப்புற செயலியைத் தொடங்க முடியும். கூட நம்ம ஏடிஎம் கார்டும் கிடைச்சிட்டா, நமக்குத் தெரியாமலே ரகசிய எண் வச்சுக்கலாம். குறுஞ்செய்தியும் அந்தப் போனுக்குத்தான் வரும். அப்புறம் நமக்கு எப்படித் தெரியும்?

போன் வேண்டாம், கைரேகை வச்சு எடுத்துக்கலாம்னு சொல்வாங்க. களை பறிச்சு, பாத்திரம் தேய்ச்சு ரேகை தேஞ்ச கை நம்ம கை. சேலையில துடைச்சுத் துடைச்சு வச்சாலும் மிஷின் எடுக்கிறதில்ல. “விழலை, இன்னொரு தடவை வைங்க”ன்னு சொன்னா, முதல் தடவையே பணம் எடுத்திருச்சான்னு அந்த ரசீதை அச்சடிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க. கூச்சப்பட வேண்டாம்.

ஏமாத்துக்காரங்க விஷயம் எல்லாரும் சொல்லிட்டாங்க, அதனால சுருக்கமா. பணம் வர்றதுக்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போடச் சொன்னாலே நம்ம பணம் வெளிய போகப் போகுதுன்னு அர்த்தம். போயிட்டா உடனே 1930க்குப் போன் பண்ணணும், நாளைக்குன்னு தள்ளக் கூடாது.

எனக்கு இதெல்லாத்தையும் விடப் பெரிய கவலை நம்ம வாராந்தரக் கூட்டம்தான். முன்னாடி பாய் விரிச்சு உக்காந்து, சேமிப்பும் தவணையும் நடுவுல வைப்போம். ஒருத்தர் எண்ணுவார், இன்னொருத்தர் மறுபடி எண்ணுவார், எல்லார் கண்ணு முன்னாடியும் நோட்டுல ஏறும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாகூட அன்னைக்கு எவ்வளவு சேர்ந்துச்சுன்னு சொல்லிடுவாங்க. இப்ப ஏழெட்டுப் பேர் ஊக்குநர் போனுக்கே அனுப்பிடறாங்க. பாவம், அவங்க சொந்தப் பணமும் குழுப் பணமும் ஒரே கணக்குல கலக்குது. அவங்க தப்பே செய்யலைன்னாலும் நாளைக்கு ஒருத்தர் சந்தேகமாக் கேட்டா என்னத்தைக் காட்டுவாங்க? இன்னொருத்தர் ஸ்கிரீன்ஷாட் காட்டுறாங்க, பணம் வந்து சேரலை. சண்டை.

அதோட, “அனுப்பியாச்சே, நான் எதுக்கு வரணும்?”னு கேக்கிறவங்க கூடிட்டாங்க. கொஞ்சம் பின்னாடி யோசிச்சுப் பாருங்க. “சங்கத்துல பணம் கட்டப் போறேன்”னு சொல்லித்தானே நாம வீட்டை விட்டு வெளிய வந்தோம்? என் மாமியாருக்கு முதல்ல பிடிக்காது. ஆனா தவணைன்னா தடுக்க முடியாது, அனுப்பித்தான் ஆகணும். அந்த இருபது ரூபாயைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்துதான் பேங்க்ல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டோம், அடிபட்டு வந்த பிள்ளைக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் சேர்ந்து போனோம். இப்ப கல்யாணமாகி வர்ற மருமகப் பிள்ளைங்க, வீட்டுக்காரர் போன்ல இருந்து தவணை போயிடுதுன்னா, எதைச் சொல்லிட்டு வெளிய வருவாங்க?

போன மாசம் எங்க குழுவுல இதைப் பேசித் தீர்மான நோட்டுல எழுதியிருக்கோம். போன்ல அனுப்புறவங்க குழுவோட வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் அனுப்பணும், யாரோட சொந்த நம்பருக்கும் இல்லை. ரொக்கமாக் கொண்டு வந்தா வேண்டாம்னு சொல்லக் கூடாது, ரிசர்வ் வங்கி நோட்டு இன்னைக்கும் சட்டப்படி செல்லும் பணம்தான். எப்படிக் கட்டினாலும் ஆள் நேர்ல வரணும். மாசம் ஒரு தடவை எல்லார் பாஸ்புக்கையும் பதிஞ்சு கூட்டத்துல படிக்கணும். சொந்த நம்பர் இல்லாதவங்க எட்டுப் பேரைப் பேங்குக்குக் கூட்டிட்டுப் போய் மாத்தற வேலை நடந்துக்கிட்டிருக்கு, அஞ்சு பேருக்கு முடிஞ்சிருக்கு. மீதி மூணு பேருக்குப் போனே இல்லை. அவங்களுக்குக் குழு உள்கடன்ல ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுக்கலாமான்னு பேச்சு இருக்கு.

இதே தீர்மானத்தைக் கூட்டமைப்புலயும் எடுக்கணும்னு கேட்டுக்கிறேன். பேங்க் சார் இருக்கும்போதே இன்னொண்ணும் கேட்டுடறேன். குறைந்தபட்ச இருப்பு இல்லைன்னு பிடிக்காத அடிப்படை சேமிப்புக் கணக்கா நம்ம உறுப்பினர்கள் கணக்கை மாத்த, ஒரு நாள் இங்கேயே வந்து முகாம் போட முடியுமா சார்? அடுத்த மாசக் கூட்டம் இரண்டாவது சனிக்கிழமை. அதுக்கு முன்னாடி தேதி சொன்னீங்கன்னா ஊர் ஊராச் சொல்லிடுவோம்.