காருக்கு முன்னால் எர்த்

மின்சாரக் கார் வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டால், சார்ஜரை எந்தச் சுவரில் மாட்டலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கேட்பது, “எர்த் குழி எங்கேங்க இருக்கு?” பழைய வீடுகளில் பெரும்பாலும் பதில் வராது. குழிக்கு மேலேயே சிமென்ட் போட்டு மூடியிருப்பார்கள்.

கும்பகோணம் பக்கம் ஒரு வீடு. சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறவில்லை. எர்த் சரியில்லை என்று சார்ஜரே சொல்கிறது. யாரோ வந்து பிளக் பாயின்ட்டைக் கழற்றி, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனையில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். பச்சை விளக்கு எரிந்துவிட்டது, வீட்டுக்காரருக்கு நிம்மதி. அதைப் பார்த்து நான் பதறிப்போனேன். அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், 230 வோல்ட்டும் கார் பாடியில் வந்து நிற்கும், ஐயா! மழைத் தண்ணீர் நிற்கிற போர்டிகோவில் வெறுங்காலோடு கதவைத் தொடுகிறவர் கதி என்ன?

முதல் வேலையாக அந்தத் துண்டைப் பிடுங்கினேன். கொல்லையில் எப்போதும் ஈரம் இருக்கிற வாழை மரத்தடியில் குழி வெட்டினோம். ஜிஐ பைப்பை நட்டு, சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்தோம். எர்த் டெஸ்டரால் அளந்து, திருப்தியான பிறகுதான் சார்ஜரைத் தொட்டேன். கோடையில் அந்தப் புனலில் அவ்வப்போது ஒரு குடம் ஊற்றுங்கள், அம்மா. மண் காய்ந்தால் எர்த்தும் போய்விடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீசர் பாயின்ட்டே போதாதா என்பார்கள். கீசர் கால் மணி நேரம்தான் ஓடும், 3.3 கிலோவாட் சார்ஜர் ராத்திரி முழுக்க ஓடும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 15 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 4 ஸ்கொயர் காப்பர் ஒயர். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 6 ஸ்கொயராவது வேண்டும். மின்வாரியம் அனுமதித்த லோடு போதுமா என்றும் பாருங்கள். எம்சிபி மட்டும் போதாது, 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபியும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

நேரமாகிவிட்டது. உரிமம் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு, கார் டெலிவரிக்கு நாள் குறிப்பதற்கு முன்பே எர்த்தை அளந்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.